ஒரே அப்பம், எத்தனை பந்தி?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களில் 'அசனம்' என்றால் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரியும். கோவில் பண்டிகையையொட்டி ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து அது. அண்டா அண்டாவாகச் சோறு வேகும். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் பிரசங்கத்தின் கடைசிப் பகுதியை யாரையும் கேட்கவிடாது. சின்ன வயதில் எனக்கு அசனம் என்றால் கறி, அவ்வளவுதான். வளர்ந்த பிறகுதான் வேறு கேள்விகள் வந்தன. இந்தப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? அகப்பை யார் கையில் இருக்கிறது? யார் வரவே இல்லை?

திருச்சபையில் பல இனத்தார் இருப்பதையும் அவர்கள் ஒன்றாக இருப்பதையும் விளக்க வருபவர்கள் பெரும்பாலும் 'எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்' என்று தொடங்குவார்கள். அதில் யாருக்கும் சண்டை இல்லை. பிரசங்கபீடத்தில் நின்று அதைச் சொல்வதற்குச் செலவும் இல்லை. சிக்கல் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆரம்பமாகும். திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் இனச் சண்டை வெடித்த இடங்களைத் தேடிப் பார்த்தால், அவற்றில் பல ஏதோ ஒரு பந்தியைச் சுற்றியே இருக்கின்றன. தமிழில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: பந்திவஞ்சனை. ஒன்றாக உட்கார்ந்தவர்களுக்கு ஆள் பார்த்துப் பரிமாறுவது.

முதலில் 'இனம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'எத்னோஸ்'. ஒரு மக்களினம் என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் இதை 'ஜாதி' என்று மொழிபெயர்த்தது. 'சகல ஜாதிகளையும் சீஷராக்கி' என்பது இயேசுவின் கடைசிக் கட்டளை. யூதரல்லாதவர்கள் 'புறஜாதியார்'. மொழிபெயர்த்தவர்கள் மனத்தில் இருந்தது யூதர், கிரேக்கர், ரோமர் போன்ற இனங்கள். தெருவுக்கொரு சாதி இருந்த ஊரில் அதைக் கேட்டவர்களின் காதில் வேறு எதுவும் விழுந்திருக்கலாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'எல்லா மக்களினத்தாரையும்' என்று மாற்றிக்கொண்டது. பழைய சொல்லின் நிழல் மட்டும் இன்னும் போகவில்லை. அந்த நிழலைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதல் சண்டை சோற்றுக்காக

திருச்சபையின் பிறந்தநாளாகக் கருதப்படுவது பெந்தெகொஸ்தே. அன்று எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலை அப்போஸ்தலருடைய நடபடிகள் 2ஆம் அதிகாரம் தருகிறது: பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், எகிப்திலிருந்தும் லீபியாவிலிருந்தும் ரோமாவிலிருந்தும் வந்தவர்கள், கிரேத்தர், அரபியர். இவர்கள் பல நாடுகளில் வாழ்ந்த யூதரும், யூத மார்க்கத்தில் சேர்ந்தவர்களும். சீடர்கள் பேசியதை ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்டார்கள் என்கிறது நூல். அத்தனை பேரையும் திடீரென்று சீடர்களின் மொழியான அரமேயம் புரிந்துகொள்ள வைத்திருந்தாலும் அற்புதம்தான். நடந்தது அது அல்ல. பேசுகிறவர்கள்தான் கேட்கிறவர்களின் மொழிக்குப் போனார்கள். புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்தின் முன் நிற்கும் கூட்டத்திலும் கோத்திரங்களும் பாஷைகளும் அப்படியே இருக்கின்றன. திருச்சபை சொல்லும் ஒருமையில் அடையாளத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இறையியலாளர்கள் காட்டும் ஆதாரங்கள் இவை.

இந்த அற்புதம் நடந்து நான்கு அதிகாரம் தாண்டுவதற்குள் சோற்றுச் சண்டை வந்துவிட்டது. எருசலேம் சபை ஏழை விதவைகளுக்கு அன்றாடம் உணவு கொடுத்து வந்தது. கிரேக்கம் பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று அவர்கள் தரப்பு முறுமுறுத்தது. எல்லோரும் யூதர்கள்தான், எல்லோரும் இயேசுவை நம்பியவர்கள்தான். ஆனாலும் மொழியும் வளர்ப்பும் வேறு. அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த வேலைக்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் பெயர் 'பந்திவிசாரணை'. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்பது சந்தேகம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா பிறப்பால் யூதரே அல்ல, அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்ட எபிரெயரும் உண்டு என்பதால் பெயரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குறை சொன்னவர்கள் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் இதை வாசிக்கிறார்கள். 'இடுகிறவள் தன்னவளானால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன' என்று நம் ஊரில் சொல்வார்கள். எருசலேம் சபைக்கு அது புரிந்திருந்தது.

பேதுரு எழுந்து போனபோது

அடுத்த காட்சி அந்தியோகியா. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா, 2023 பூகம்பத்தில் பெரும் சேதமடைந்த நகரம். அன்று அது ரோமப் பேரரசின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்று. யூதரும் யூதரல்லாதவரும் ஒரே சபையில் பெருமளவில் கலந்தது இங்கேதான். அதன் தலைவர்களில் பர்னபா சைப்ரஸ் தீவுக்காரர். லூகி வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊர்க்காரர். சிமியோனுக்கு 'நீகர்' என்று ஒரு பெயர். லத்தீனில் கறுப்பு என்று பொருள். மனாயீன் ஆட்சியாளர் ஏரோதுவுடன் வளர்ந்தவர். ஐந்தாவது, தர்சு பட்டணத்துச் சவுல், பின்னாளில் பவுல். 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதன்முதலில் இந்த ஊரில்தான் சூட்டப்பட்டது. யூதர் என்றும் சொல்ல முடியாத, கிரேக்கர் என்றும் சொல்ல முடியாத கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் புதிதாக ஒரு பெயரைத் தேடவேண்டியிருந்தது என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கம் அது.

இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுரு அங்கே வந்தார். யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். யூத உணவு விதிகளில் வளர்ந்த ஒருவருக்கு அது சிறிய காரியம் அல்ல. பிறகு எருசலேமிலிருந்து, அங்குள்ள சபைத் தலைவரான யாக்கோபின் தரப்பினர் சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் எழுந்தார்கள், பர்னபாகூட. 'நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்' என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் குமுறுகிறார்.

பேதுருவை வில்லனாக்குவது எளிது. அவர் கோட்பாட்டில் எதையும் மாற்றவில்லை, யாரையும் சபையிலிருந்து நீக்கவில்லை. வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்று நினைத்திருக்கலாம். இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவே. பவுலுக்கு அது போதுமான குற்றம். நீயும் நானும் ஒரே விசுவாசத்தார், ஆனால் ஒரே பந்தியில் உட்காரமாட்டோம் என்றால் அந்த விசுவாசமே பொய்யாகிறது என்பது அவர் வாதம். 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்ற புகழ்பெற்ற வரி இதே கடிதத்தில்தான் வருகிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டப்படும் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் தகராறு இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை. அதாவது, முதலில் யூதராக மாறவேண்டிய கட்டாயம் இல்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது (கழுத்து நெரித்துக் கொன்ற விலங்கின் இறைச்சி), வேசித்தனம் ஆகியவற்றை மட்டும் விலக்கச் சொன்னார்கள். நான்கில் மூன்று சாப்பாட்டைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். யூதர் அருவருக்காமல் பக்கத்தில் உட்கார இடம் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. பெரிய விட்டுக்கொடுப்பு பெரும்பான்மையினரிடமிருந்து, அதாவது அன்றைய யூதக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது.

ரோமாபுரிச் சபையிலும் இதே சிக்கல். எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர்களும் 'மரக்கறிகளை மாத்திரம்' சாப்பிடுகிறவர்களும் ஒருவரையொருவர் இளக்காரமாகப் பார்த்தார்கள். சைவம், அசைவம் என்று நாம் அன்றாடம் பார்க்கும் காட்சிதான். மரக்கறிக்காரர்களைப் பவுல் 'பலவீனர்' என்கிறார், ஆனால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். 'பலவீனம்' என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து அது தென்னாப்பிரிக்காவில் தலைகீழாக எழுந்து வரும்.

நடுச்சுவர்

எபேசியருக்கு எழுதிய கடிதம் கிறிஸ்து 'பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து' இரு தரப்பையும் ஒன்றாக்கினார் என்கிறது. இது வெறும் உருவகமாக இல்லாமல் இருக்கலாம். எருசலேம் தேவாலயத்தில் யூதரல்லாதவர்கள் தாண்டக்கூடாத ஒரு தடுப்புச் சுவர் உண்மையிலேயே இருந்தது. அதில் பதித்த எச்சரிக்கைக் கல் ஒன்றை 1871இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்தார். வேற்றினத்தார் யாரும் உள்ளே நுழையக்கூடாது, மீறிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறது. இப்போது அது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு ஊர்க்காரரான துரோப்பீமு என்ற கிரேக்கரை அந்த எல்லைக்கு உள்ளே அழைத்து வந்தார் என்ற சந்தேகத்தில்தான் கூட்டம் பவுலை அடித்துக் கொல்லப் பார்த்தது. அந்தக் கதையைக் கேட்டிருந்த எபேசியர்களுக்கு 'நடுச்சுவர்' என்றதும் எது நினைவுக்கு வந்திருக்கும்?

சுவர்கள் ஒருமுறை இடிந்தால் போதும் என்று நினைத்தால் வரலாறு சிரிக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருந்த டச்சு சீர்திருத்தச் சபையைப் பாருங்கள். வெள்ளையர்களுக்கும் மற்றவர்களுக்கும் திருவிருந்தை, அதாவது ஆராதனையில் பகிரும் அப்பத்தையும் திராட்சரசத்தையும், தனித்தனியாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி 1829இல் அதன் மாமன்றத்துக்கு வந்தது. நிறமோ பிறப்போ பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே என்று மாமன்றம் தெளிவாகச் சொன்னது. 1857இல் அதே கேள்வி திரும்பவும் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆப்பிரிக்க மக்களை இருக்கும் சபைகளிலேயே ஏற்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று இம்முறையும் மாமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், 'சிலருடைய பலவீனத்தின் காரணமாக' அது ஊழியத்துக்குத் தடையாகும் இடங்களில் அவர்களுக்குத் தனிக் கட்டடம் இருக்கலாம் என்று ஒரு வாலையும் சேர்த்தது.

வால்தான் பிறகு நாயை ஆட்டியது. 1881இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே உருவானது. பின்னர் கறுப்பின மக்களுக்கும் இந்தியருக்கும் தனித்தனிச் சபைகள். 1948இல் இன ஒதுக்கல் அரசின் கொள்கையானபோது அதற்கு ஆசி வழங்கத் தயாரான இறையியல் ஏற்கெனவே கையில் இருந்தது. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பலவீனரை ஒரே பந்தியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல். இங்கே பலவீனர்கள் என்று குறிப்பிடப்பட்டவர்கள், பக்கத்தில் கறுப்பர் உட்காருவதைத் தாங்க முடியாத வெள்ளையர்கள். அவர்களுக்காகப் பந்தியே இரண்டாக்கப்பட்டது. தீய நோக்கத்தோடு எடுத்த முடிவைவிட, நடைமுறை வசதிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த 1881ஆம் ஆண்டுச் சபையிலிருந்தே பதிலும் வந்தது. 1982இல் கேப் டவுனை ஒட்டிய பெல்ஹார் என்ற இடத்தில் கூடிய அதன் மாமன்றம் ஒரு விசுவாச அறிக்கையின் வரைவை ஏற்றது. 1986இல் அது முறையான அறிக்கையானது. ஒருமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றைப் பற்றி அது பேசுகிறது. சபையின் ஒருமை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அதன் வலியுறுத்தல். 'ஆவியில் ஒன்றாக இருக்கிறோம், கட்டடம் மட்டும்தான் வேறு' என்ற சமாதானத்துக்கு அதில் இடமில்லை. 1994இல் கலப்பினத்தார் சபையும் கறுப்பின மக்களின் சபையும் இணைந்தன. வெள்ளையர்களின் தாய்ச்சபையோடு இணைவது பேச்சுவார்த்தையாகவே நீண்டது.

எல்லாத் தனிச் சபைகளும் ஒரே ரகம் அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை, இடம் மாறச் சொல்லிப் பிடித்து இழுத்தார்கள். ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்சும் மற்றவர்களும் எழுந்து வெளியேறினார்கள். ஆலன் வழியில் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை அமைந்தது. கதவை அடைத்தவரையும், அடைத்த கதவைப் பார்த்துவிட்டு வேறு வீடு கட்டிக்கொண்டவரையும் 'பிரிவினைக்காரர்' என்று ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகாது.

நம் வீட்டுச் சுவர்கள்

1955 வாக்கிலிருந்து பரவிய ஒரு கோட்பாடு இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. டொனால்டு மெக்கவ்ரன் மத்திய இந்தியாவின் தாமோ நகரில் பிறந்த அமெரிக்க மிஷனரி. இங்கே மக்கள் தனித்தனி ஆளாக அல்லாமல் சாதி சாதியாகக் கிறிஸ்தவத்துக்கு வருவதைக் கவனித்தார். இன, மொழி, வர்க்க வேலிகளைத் தாண்டாமலே கிறிஸ்தவராக முடிந்தால் மக்கள் எளிதாக வருவார்கள் என்று எழுதினார். பின்னர் அமெரிக்காவில் இது சபைகளை வேகமாக வளர்க்கும் சூத்திரமாகவே மாறியது. மனிதர்கள் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றிய கவனிப்பாக இது சரிதான். வந்தபிறகும் அப்படியே இருக்கலாம் என்று ஆக்கியதில்தான் கோளாறு. அந்தியோகியாவில் இந்தச் சூத்திரத்தைப் பின்பற்றியிருந்தால் பவுலுக்குப் பேதுருவோடு சண்டையே வந்திருக்காது. 'கிறிஸ்தவர்' என்ற பெயரும் வந்திருக்காது.

இப்போது அந்த 'ஜாதி' என்ற சொல்லின் நிழலுக்கு. சாதி என்பது இனம் அல்ல. ஆனால் தமிழ்ச் சபையில் பந்தியைப் பிரித்தது அதுதான். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தஞ்சாவூரின் பெரும் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியார், ஒன்றாக உட்கார வற்புறுத்திய இளம் மிஷனரிமாரை எதிர்த்து எழுதியிருந்தார். இது நாட்டு வழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற தரப்பு அது. இன்றும் அவருடைய கீர்த்தனைகளைப் பாடி உருகுகிறோம். அவருடைய இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொண்டே பாடலாம்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் கதை கட்டடமாகவே நின்றது. 1870களில் எழுந்த அங்குள்ள கத்தோலிக்கக் கோவிலில் மக்கள் நிற்கும் பகுதி இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஒரே பீடத்தில் வந்து சேரும். வேளாளருக்கு ஒரு கிளை, நாடாருக்கு ஒரு கிளை. கால்சட்டை போலிருக்கிறது என்று கேலி செய்வார்கள். பீடம் ஒன்று, ஆனால் அதைப் பார்க்கும் இரு கூட்டங்களும் ஒன்றையொன்று பார்க்கவேண்டியதில்லை. இரண்டையும் பிரித்த சுவர் 1910 வாக்கில் அகற்றப்பட்டது. சுவர் திரும்பவும் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் இடம் கொடுக்கவில்லை.

'அப்படியானால் லண்டனிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆராதனை தனியாக நடத்துகிறார்களே, அதுவும் தவறா?' என்று கேட்கலாம். தாய்மொழியில் ஜெபிப்பது பெந்தெகொஸ்தே நாளிலேயே அங்கீகாரம் பெற்ற உரிமை. தமிழ் தெரியாதவர் உள்ளே வந்தால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார்களா, திருவிருந்தில் அவருக்கு இடம் உண்டா, அதே கட்டடத்தில் ஆங்கில ஆராதனைக்கு வருபவர்களோடு சேர்ந்து பணத்தையும் பதவியையும் பற்றி முடிவெடுக்க இவர்களுக்கு நாற்காலி உண்டா என்று பார்ப்பேன். கடைசிக் கேள்விதான் எல்லோரையும் நெளிய வைக்கும். பண்டிகை நாளில் பல நாட்டுக் கொடிகளைத் தொங்கவிட்டு, தோசையும் நூடுல்சும் பரிமாறிவிட்டு, சபைக் குழுவில் ஒரே நிறத்து முகங்களாக உட்கார்ந்திருப்பது பரவலான காட்சி. அகப்பை இன்னும் கை மாறவில்லை.

1910இல், அதாவது வடக்கன்குளத்துச் சுவர் சர்ச்சையில் இருந்த அதே காலத்தில், எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அங்கே பேச எழுந்த வி. எஸ். அசரியா, அசனத்துக்குப் பேர்போன அதே சீமையில், வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நீங்கள் உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அவருடைய மறைமாவட்டம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். தமிழரான அவர் தெலுங்கு கற்றுக்கொண்டு தெலுங்கு மக்களிடையே வாழ்ந்தார். சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். தாழ்த்தப்பட்டவர்களாக இருந்தும் தங்களுக்குள் பந்தி கலக்காதவர்கள். வேலை எளிதாக இருந்திருக்காது. அங்கே அவர் கட்டிய பேராலயத்தில் இந்துக் கோவிலின் தூண்களும் இஸ்லாமியக் கட்டடங்களின் குவிமாடங்களும் சிலுவையோடு சேர்ந்து நிற்கின்றன. 1939 ஜனவரி 6ஆம் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த வேற்று நாட்டு ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது.